ஆள் பார்க்காத வாசல்மரம்

செங்கழனி நாட்டை ஆண்ட கீர்த்திவர்மரின் அவையில் பிச்சாண்டி என்று ஒரு புலவன் இருந்தான். புலவன் என்பது சம்பளத்துக்காகச் சொல்லிக்கொண்டது. அவன் பாட்டு எழுதி யாரும் பார்த்ததில்லை. "எனக்கு வராதவற்றில் முதலாவது பாட்டு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வராது" என்று அவனே சொல்லுவான். அரசர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

தலைநகரில் சந்தையை ஒட்டி ஒரு வண்டிப்பேட்டை. சுற்றிலும் மதில். வெளியூர் வியாபாரிகள் சரக்கு வண்டிகளை நிறுத்துவதற்கென்றே கட்டியது. வாசலில் குறுக்கு மரமும் உண்டு, காவலும் உண்டு. ஆனால் காவலுக்கு நின்றவர்கள் தளவாய் நாகமுத்துவின் ஆட்கள். தளவாயின் மைத்துனர் வண்டி வந்தால் மரத்தைத் தூக்கிவிடுவார்கள். மைத்துனரின் சம்பந்தி வந்தாலும் தூக்குவார்கள். சந்தை நாளில் பேட்டை முழுக்கப் பெரிய இடத்துச் சவாரி வண்டிகள் நிற்கும். சரக்கு வண்டிகள் தெருவில் கிடக்கும். தெருவில் கிடந்தால் திருடன் சும்மா விடுவானா?

ஒரு சந்தையன்று வெங்காய வியாபாரி பேச்சியம்மாளின் காளைகளை எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். அவள் மற்ற வியாபாரிகளையும் கூட்டிக்கொண்டு நேரே அவைக்கு வந்தாள். அழவில்லை. இனிமேல் பக்கத்து நாட்டுச் சந்தைக்குப் போகிறோம், சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றாள். அரசருக்கு முகம் வெளுத்துவிட்டது. சந்தை போனால் ஊரில் என்ன மிஞ்சும்?

காவலை இன்னும் கூட்டலாம் என்றார் தளவாய். பிச்சாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"காவலாளுக்குக் கண் இருக்கிறது, அரசே. யார் வீட்டு வண்டி என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஆளே இல்லாத காவல்தான் இதற்குச் சரி."

தளவாய் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் யார் கையும் படாமல் தானே திறந்து தானே மூடும் வாசலைப் புலவரே அடுத்த சந்தைக்குள் செய்யட்டும், முடியாவிட்டால் ஆயுள் முழுக்க அந்த மரத்தை அவரே தூக்கி இறக்கட்டும் என்றார். கோபத்திலிருந்த அரசரும் சரி என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி வடிவு அவனை மேலும் கீழும் பார்த்தாள். தண்ணீர்க் குடத்தையே தூக்க முடியாதவர் மரத்தை எப்படித் தூக்குவீர்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிச்சாண்டி வெளியே நடந்தான்.

ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றமரத்தின் மேல் ஒருவன் முன்னும் பின்னும் நடக்க, மரம் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. நானும் ஏறிப் பார்க்கிறேன் என்று பிச்சாண்டி ஏறினான். மரம் அசையவே இல்லை. குதித்தும் பார்த்தான். தோட்டக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேலே நின்றபடி அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று வாயை மூடினான். இந்த மரத்துக்கு நான் அவைப்புலவன் என்பது தெரியவில்லை, கனம் மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்தான். இறங்கித் தச்சர் வீட்டுக்கு ஓடினான்.

அடுத்த சந்தைக்குள் வாசலில் நீளமாக ஒரு பலகை பதிந்தது. பலகைக்கும் குறுக்கு மரத்துக்கும் ஏற்றம் போலத் தொடுப்பு. சரக்கு ஏற்றிய வண்டி பலகையில் ஏறினால் பலகை தாழும், மரம் மேலே எழும். வண்டி உள்ளே போனதும் மரம் தானே இறங்கிக்கொள்ளும். சவாரி வண்டிக்கு அந்தக் கனம் ஏது? வெளியே போகும் வாசலை வியாபாரிகளே முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சந்தையன்று காலையில் தளவாயின் மைத்துனர் வந்தார், அதட்டினார், திரும்பிப் போனார்.

தளவாய் ஒரு திட்டம் போட்டார். அரசரிடம் போய், புலவரின் வாசலைத் தாங்களே வந்து பார்க்க வேண்டும், இந்த வெயிலில் தேர் எதற்கு, இலேசான ஒற்றைக்குதிரை வண்டியே போதும் என்றார். அரசர் கிளம்பினார்.

ஒற்றைக்குதிரை வண்டி பலகையில் ஏறி நின்றது. மரம் எழவில்லை. சந்தையே திரும்பிப் பார்த்தது. அரசரின் காது சிவந்தது.

"அரசரையே வாசலில் நிறுத்திவிட்டீரே, புலவரே. கையால் தூக்கித் திறந்துவிடும்" என்றார் தளவாய்.

கையால் தூக்கினால் சொன்ன வார்த்தையில் தோல்வி. தூக்காவிட்டால் அரசருக்கு அவமானம். பிச்சாண்டி வண்டியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். வண்டியில் கனம் போதவில்லை, தளவாயும் ஏறிக்கொண்டால் நல்லது என்று பணிவாகச் சொன்னான். அரசர் பார்த்த பார்வையில் தளவாய் ஏறினார். மரம் எழவில்லை. பிச்சாண்டியும் ஏறி உட்கார்ந்தான். அப்போதும் எழவில்லை.

பின்னால் பேச்சியம்மாள் இரவல் காளைகளைப் பூட்டிய வண்டியோடு காத்திருந்தாள். அரசர் உன் சரக்கைத் தம் வண்டியிலேயே ஏற்றி உள்ளே கொண்டுபோக நினைக்கிறார் என்று பிச்சாண்டி அவளிடம் சொன்னான். அரசர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையசைத்தார். மூட்டைகள் ஏறின. தளவாயின் மடியிலும் ஒன்று ஏறியது. பலகை தாழ்ந்தது. மரம் மெல்ல எழுந்தது. அரசர் தங்கள் சரக்கைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்த வியாபாரிகள் வாழ்த்திக் கூவினார்கள். பக்கத்து நாட்டுச் சந்தைப் பேச்சு அதோடு போயிற்று.

உள்ளே போனதும் அரசர் வெங்காயத் தோலைத் தட்டிவிட்டபடி கேட்டார்: "நாடாளுகிறவன் ஏறியும் திறக்காத மரம் வெங்காயத்துக்குத் திறக்கிறதே, என்ன அர்த்தம்?"

"நான் பெரிய வெங்காயம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அரசே. இந்த மரம் நிஜ வெங்காயம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது."

அரசர் மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அது முழங்கை வரை நழுவியது. பிறகு தளவாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வண்டியில் மூன்று பேர் ஏறினோம். உன்னை மட்டும்தானே சொன்னாய்?"

"ஆமாம், அரசே. மரியாதைக்காக என்னோடு நிறுத்திக்கொண்டேன்."