மைனா நடத்திய பொந்துப் பள்ளிக்கூடம்

மூங்கில் காட்டில் ஒரு மைனா பள்ளிக்கூடம் நடத்தியது. மரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு அணில் தினமும் கிளையில் உட்கார்ந்து பாடம் சொல்லும். மண்ணுக்குள் வாழும் பொந்துப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லித்தர யாருமில்லை. அதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் மைனா இதை ஆரம்பித்தது. கூலியாக ஒரு புழுகூட வாங்கவில்லை. எல்லோரும் அதைத் ‘தலைவி’ என்றே கூப்பிட்டார்கள்.

அழுங்கு ஒன்று தன் மகள் சில்லுவை அங்கே சேர்த்தது. உடம்பெல்லாம் செதில் இருந்தும் அழுங்குக்குக் கூச்சம் அதிகம். யாராவது பேச்சுக் கொடுத்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். எழுத்து ஒன்றும் தெரியாது.

சில்லு வீட்டுக்கு வந்து பாட இலையைப் பிரித்துவைத்து, “இது குளம்! தண்ணீர் இனிக்கும்! வந்து குடி!” என்று மூச்சுவிடாமல் படிக்கும். தாய்க்குக் கண் கலங்கிவிடும்.

அந்தக் கோடையில் ஓடை வற்றிப்போனது. தாயும் மகளும் தாகத்தோடு மலையடிக் குளத்துக்கு நடந்தார்கள். கரையில் ஒரு மரப்பட்டை தொங்கியது. அதில் ஏதோ எழுதியிருந்தது.

“என்னன்னு பார்த்துச் சொல்லு தங்கம்!”

சில்லு நிமிர்ந்து நின்று படித்தது. “இது குளம்! தண்ணீர் இனிக்கும்! வந்து குடி!”

“அடி என் ராசாத்தி! முதல்ல நீ குடி!”

சில்லு குனிந்து நாக்கை நீட்டியது.

“ஐயையோ! வாயை வைக்காதே!” மரத்திலிருந்து அணில் தொப்பென்று குதித்தது. “எட்டிக்காய் விழுந்த தண்ணி! விஷம்! குடிக்காதீங்கன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே!”

தாய் மகளின் வாலைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டும் மல்லாந்து விழுந்தன.

“படிச்சியேடி! நீதானே படிச்சே!”

“எழுத்தைப் பார்த்தா இதைத்தான் சொல்லணும்னு தலைவி சொல்லிக் கொடுத்தாங்கம்மா!” என்று சில்லு விசும்பியது.

அழுங்கு அந்தப் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு, சில்லுவையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனது. வேடிக்கை பார்க்க அணிலும் பின்னாலேயே வந்தது.

“வாங்கம்மா!” என்றது மைனா பெருமையாக. “முப்பத்திரண்டு பிள்ளைங்க! அத்தனை பேரும் தண்ணி பட்ட பாடா படிப்பாங்க!”

அழுங்கு பட்டையைத் தூக்கிக் காட்டியது.

“இது குளம்! தண்ணீர் இனிக்கும்! வந்து குடி!” முப்பத்திரண்டு வாயும் ஒன்றாகக் கத்தின.

அழுங்கு பட்டையை மைனாவின் பக்கம் திருப்பியது. “தலைவி... நீங்களாவது படிங்க!”

மைனா பட்டையைப் பார்த்தது. அதன் வாயிலும் அதே மூன்று வரிதான் வந்தது.

“அடப்பாவமே! எட்டிக்காய் விழுந்த குளம்னு எழுதியிருக்கு!” என்றது அணில்.

மைனாவின் இறக்கை தொங்கிப்போனது. “நீ பாடம் சொல்றப்போ கீழ்க்கிளையில இருந்து கேட்டேன். கேட்டது அப்படியே வாயில வந்துச்சு. அதுதான் படிப்புன்னு நினைச்சுட்டேன்!”

அணில் கெக்கெக்கே என்று சிரித்தது. “பொந்துல கிடக்கிற மண்டைக்கு இவ்வளவுதான் ஏறும்!”

அழுங்குக்குச் சுருண்டுகொள்ளத்தான் தோன்றியது. தலையைப் பாதி மறைத்துக்கொண்டே கேட்டது. “சொன்னதை ஒரு எழுத்து பிசகாம மனசுல வச்சிருக்குதுங்களே, இதுங்களுக்கா மண்டை இல்லை? சொல்லித்தரத் தெரிஞ்ச நீங்க ஒருநாள்கூட மரத்தை விட்டு இறங்கலையே அண்ணே!”

அணிலின் சிரிப்பு நின்றது.

மைனா தன் மேடையை விட்டு இறங்கி வந்தது. சில்லுவுக்குப் பக்கத்தில், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்தது.

“மேடையில நீ நில்லு அணிலே. தினமும் வீடு வீடாப் போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றது என் வேலை. இப்போ முதல் எழுத்திலிருந்து ஆரம்பி. எனக்கும் சேர்த்து!”

பிள்ளைகளுக்கு வழிகாட்ட முன்னால் நிற்பவர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரை அழைத்துவந்து நிறுத்த வேண்டும்.