குகையில் விளக்கு அணையவில்லை

எரிமலைச் சரிவில் ஒரு மடம் இருந்தது. அதன் குரு தையல்நாயகி. சீடர் ஏகாம்பரம் அவளைவிட மூத்தவர். அவர் அவளை "அம்மா" என்பார். அவள் அவரை "அண்ணா" என்பாள்.

மடத்துக்குக் கீழே ஒரு குகை. மலை விடும் மூச்சு அதன் தரையில் தேங்கி நிற்கும். இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். பாதி ஆழத்திலேயே சுடர் அணைந்துவிடும். காற்றைவிடக் கனமான மூச்சு.

சில நாட்களாக நிலம் நடுங்கியது. நாய்கள் சோற்றைத் தொடவில்லை. அடிவாரத்து ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று பிற்பகல் ஏகாம்பரம் விளக்கை இறக்கினார். தரையைத் தொட்ட பிறகும் அது எரிந்தது.

அவர் சங்கை எடுத்து நீளமாக ஊதினார். திரும்பி வரலாம் என்று அதற்குப் பொருள். ஆற்றுக்கு அப்பால் புழுதி கிளம்பியது. திரும்பிய வண்டிகளில் ஒன்றில் அவர் மகள் செங்கமலம் கைக்குழந்தையோடு இருந்தாள்.

குரு சமையற்கட்டில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மலை மூச்சு விடுவதை நிறுத்திவிட்டது."

அவள் கை அப்படியே நின்றது. "அதற்கா சிரிக்கிறீர்கள்?"

"அவ்வளவு கனமான மூச்சு. வெளியே வராமல் தீக்குழம்பிலேயே கரைந்து கிடந்தால் குழம்பின் கனம் கூடும். அடியிலேயே அமுங்கிக் கிடக்கும். இல்லையா?"

குரு ஒரு சட்டி நிறையத் தண்ணீர் எடுத்து வைத்தாள். அப்போதுதான் அரைத்த மாவில் கொஞ்சம் கிள்ளிப் போட்டாள்.

"இந்த நேரத்தில் இட்லியா, அம்மா?"

அவள் சிரிக்கவில்லை. மாவு நேராக அடிக்குப் போனது.

நேற்று அரைத்துப் புளித்த மாவில் கொஞ்சம் கிள்ளிப் போட்டாள். அது மிதந்தது.

"இரண்டும் ஒரே அரிசி, ஒரே உளுந்து. இது ஏன் மிதக்கிறது, அண்ணா?"

"புளித்ததில் காற்று இருக்கிறது."

"குகையில் விளக்கை அணைப்பதும் அதே காற்றுதான்."

ஏகாம்பரம் சட்டிக்குள் குனிந்து பார்த்தார். "மாவில் குமிழி தெரிகிறது. அத்தனை ஆழத்தில், அந்த அழுத்தத்தில், குமிழி ஏது?"

"இல்லைதான். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். ஆனால் எவ்வளவு நெருக்கினாலும் அது கல்லின் கனத்துக்கு வராது. தனக்கு இடம் கேட்கும். குழம்பு லேசாகும்."

"லேசானால்..."

குரு மிதந்த மாவைப் பார்த்தாள். சட்டித் தண்ணீர் தானாக நடுங்கியது. யாரும் அதைத் தொடவில்லை.

அவர் வாசலுக்கு ஓடினார். முதல் வண்டி ஆற்றில் இறங்கிவிட்டிருந்தது. சங்கை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"ஊதுங்கள், அண்ணா. ஓடச் சொல்லி ஊதுங்கள்."

"இப்போதுதான் வாருங்கள் என்று ஊதினேன். உடனே போங்கள் என்றால், இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்கள்."

"நினைக்கட்டும், அண்ணா. உயிரோடு இருந்து நினைக்கட்டும்."