ஊர்ச்சேறு பூசாத பயணம்

மலையடிவாரத்துக் குட்டையில வல்லின்னு ஒரு உடும்பு இருந்துச்சு. அதுக்கு ஒரே ஆசை. உச்சியில இருக்கற சுனைக்கு ஏறிப் போகணும். அதுக்குள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்கணும்.

அந்தச் சுனையைக் குட்டையில யாருமே பாத்ததில்ல. மழை விட்டதும் மேல என்னமோ கண்ணாடி மாதிரி மினுங்கும். தெரிஞ்சது அவ்வளவுதான். பறவைங்ககூட அங்க இறங்காது, காத்து அப்படி அடிக்கும். பாறையும் சுவர் மாதிரி செங்குத்து.

போன மழையில ஒரு பெரிய பாறை பிடி விட்டு உருண்டு வந்துச்சு. அது இருந்த இடத்துல, உச்சி வரைக்கும் ஒரு வெடிப்பு தெரிஞ்சுது.

"நகத்தை மாட்டி ஏறிடலாம்!"னுச்சு வல்லி.

குட்டையே கூடிருச்சு. தலைவர் நண்டு கொடுக்கையா கொடுக்கைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு.

"பாத்ததைக் கீழ கேக்கற மாதிரி கத்திச் சொல்ல ஒரு ஆளு வேணுமே?"

"நான் போறேன்! வல்லியக்கா முதுகுல ஏறிக்கறேன்!"னு குதிச்சுது முட்டைக்கண்ணன்ங்கற தவளை.

இது சாதாரணத் துணிச்சல் இல்ல. உடும்புங்க தவளையைத் தின்னும். அந்தக் குட்டையில மட்டும் அந்தப் பழக்கம் வேணாம்னு பேசி முடிச்சு ரொம்ப நாளாச்சு. இருந்தாலும் தவளைங்களுக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரல.

"ரொம்ப நல்லது. ரெண்டு பேரும் வாங்க, சேறு பூசணும்"னுச்சு கொடுக்கையா.

அது அந்தக் குட்டையோட வழக்கம். வெளியூர் கிளம்பறவங்களுக்குத் தலையிலேர்ந்து வால் வரைக்கும் ஊர்ச்சேறு பூசி அனுப்புவாங்க. போற இடமெல்லாம் ஊர் கூடவே வரும்னு ஒரு நம்பிக்கை.

வல்லி பின்னால நகந்துச்சு. "வேணாம் மாமா."

"என்ன வேணாம்?"

"சேறு."

கொடுக்கையா தூக்கின கொடுக்கைக் கீழ இறக்குச்சு.

"ஏம்மா, பொறந்த ஊர்ச் சேறு உனக்கு நாறுதோ? நம்ம சேத்துல உயிர் இருக்கு, தெரியுமா?"

"அதான் மாமா பயமே! அந்த உயிரெல்லாம் அங்க போய் இறங்கிட்டா? அங்க ஏற்கெனவே யாராவது இருந்தா, அவங்க கதி? யாருமே இல்லன்னா, நாம கொண்டு போனதையே பாத்துட்டு 'ஆகா, உயிர் இருக்கு!'ன்னு கூத்தாடிட்டு வருவோம். நம்ம மூஞ்சியை நாமளே பாக்கறதுக்கு எதுக்கு மலை ஏறணும்?"

"ஒரு துளிச் சேறு என்னம்மா பண்ணிடும்?"

வல்லி குட்டையோட மறுபாதியைக் காட்டுச்சு. அங்க தண்ணியே தெரியல. ஆகாயத்தாமரை மூடிக் கிடந்துச்சு. முன்னால ஒரு தடவை ஒரு விருந்தாளி நாரை காலுல அதோட வேர் ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நாரை நல்ல மாதிரிதான். நாலு நாள் தங்கிட்டு நன்றி சொல்லிட்டுப் போச்சு. தாமரைதான் போகல.

"அது வெளியூர் அழுக்கு. இது நம்ம சேறு!"ன்னுச்சு கொடுக்கையா. "பூசிக்காதவ போக வேணாம். வேற ஆளை அனுப்பிக்கறோம்!"

வல்லி உச்சியை அண்ணாந்து பாத்துச்சு. பொறந்ததுலேர்ந்து பாத்த மினுக்கம் அது. அதுக்காகப் பூசிக்கிட்டுப் போயிடலாமான்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா பூசிக்கிட்டுப் போனா, தான் பாக்க ஆசைப்பட்ட சுனை அங்க இருக்காது.

"மாமா, சோதிச்சுப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

வல்லி ரெண்டு காலி நத்தை ஓட்டுல மழைத்தண்ணி பிடிச்சு வெயில்ல வச்சுது. ஒண்ணுல நகக்கண்ணு அளவு ஊர்ச்சேறு போட்டுது. இன்னொண்ணைத் தொடல.

கொஞ்ச நாள் கழிச்சு எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. சேறு போட்ட ஓட்டுல பச்சைப் பச்சையாப் பாசி. நடுவுல என்னமோ நெளிஞ்சுது. இன்னொரு ஓட்டுல தண்ணி தெளிவா இருந்துச்சு.

கொடுக்கையா ரெண்டு ஓட்டையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. "நம்ம சேறு இவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருக்கும்னு எனக்கே தெரியாது. சரி, பூசாமலே போங்க."

கிளம்பறதுக்கு முந்தின நாளே வல்லி சாப்பாட்டை நிறுத்திடுச்சு. மழைத்தண்ணியில உடம்பைத் தேச்சுக் கழுவுச்சு. நக இடுக்கெல்லாம் குச்சியால நோண்டுச்சு. சுடுபாறையில படுத்து நல்லாக் காஞ்சுது.

"நான் காஞ்சா செத்துருவேன்!"னுச்சு முட்டைக்கண்ணன்.

"உன்னைத் திரும்பத் திரும்பக் கழுவினாப் போதும். கத்தாதே."

கிளம்பிட்டாங்க. வழி முழுக்க முட்டைக்கண்ணன் ஒரு வார்த்தை பேசல. பயத்துல இருக்கான் போலன்னு வல்லி நினைச்சுக்கிச்சு.

உச்சி வந்துச்சு. சுனை அடி வரைக்கும் தெரிஞ்சுது. வல்லி கரைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்னு, கழுத்தை மட்டும் நீட்டிப் பாத்துச்சு. வெறும் தண்ணி. அப்புறம் தண்ணிக்குள்ள ஏதோ அசைஞ்சுது. அரிசி மணி அளவுல கண்ணாடி மாதிரிக் குட்டிக் குட்டி உசுருங்க. எல்லாம் மல்லாக்க நீந்திக்கிட்டு இருந்துச்சுங்க!

"யாரு நீங்க?"ன்னுச்சு ஒண்ணு.

முட்டைக்கண்ணனால அடக்க முடியல. "நான்தான் முதல்ல பாத்தேன்!"னு வாயைத் திறந்துச்சு. வாய்க்குள்ளேயிருந்து கறுப்பா ஒரு உருண்டை பொத்துனு விழுந்துச்சு. ஊர்ச்சேறு! அது சரிவுல உருண்டு நேரா சுனையைப் பாத்துப் போச்சு.

வல்லி வாயைப் பொளந்துக்கிட்டுப் பாஞ்சுது.

"ஐயோ அக்கா! பழைய பழக்கத்தை ஆரம்பிச்சுட்டியே!"ன்னு கண்ணை மூடிக்கிச்சு முட்டைக்கண்ணன்.

கண்ணைத் திறந்தப்போ அது உசுரோடதான் இருந்துச்சு. உருண்டையைத்தான் காணல. தண்ணிக்கு ஒரு விரக்கடை தூரத்துல வல்லி படுத்துக்கிட்டு எதையோ முழுங்கிட்டு இருந்துச்சு. பாறையில இருந்த கறையையும் நாக்கால வழிச்சு எடுத்துச்சு.

"யார் குடுத்தது?"

"கொடுக்கையா மாமாதான்க்கா. நாக்குக்கு அடியில அடக்கிக்கோ, ஊருக்கு நல்லதுன்னாரு…"

சுனைக்குள்ளேயிருந்து சின்னக் குரல் கேட்டுச்சு. "அது என்ன கறுப்பா?"

"எங்க ஊரு தாயி. உள்ள விழுந்திருந்தா, கொஞ்ச நாள்ல இதுவும் எங்க ஊராயிருக்கும்."

"உள்ள வாங்களேன்!"

"வேணாம்மா. கரையில நின்னே பேசறோம். நீங்க எப்பவும் மல்லாக்கத்தான் நீந்துவீங்களா?"

"பின்னே? குப்புற நீந்தினா வானத்தை எப்படிப் பாக்கறது?"

வல்லிக்குச் சிரிப்பு தாங்கல. ஆனா அதுக்குள்ள வயிறு கடமுடங்க ஆரம்பிச்சுது.

"ஏறுடா முதுகுல! உள்ள போன குட்டை வெளிய வர்றதுக்குள்ள கீழ போயாகணும்!"

ஏறின நேரத்துல பாதியில இறங்கிட்டாங்க. வழியெல்லாம் முட்டைக்கண்ணன் கத்தின கத்துல, இவங்க வர்றதுக்கு முன்னாலேயே சேதி வந்துடுச்சு. குட்டையில ஒரே கொண்டாட்டம்.

கொடுக்கையா மட்டும் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்துச்சு. "எல்லாம் சரி… நான் குடுத்தனுப்பின சேறு?"

"பத்திரமா இருக்கு மாமா. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா, அந்தப் புதர் ஓரமாத் திருப்பிக் குடுத்துடறேன்."

குட்டை வெடிச்சுச் சிரிச்சுது. கொடுக்கையா கொடுக்கால மூஞ்சியை மூடிக்கிச்சு.

"அங்க இருக்கறவங்க அந்த ஊர்க்காரங்கதான்னு நிச்சயமாத் தெரியுமா?"ன்னு முனகுச்சு.

"நாம எதையும் கொண்டு போய் விடல மாமா. அதனாலதான் நிச்சயமாச் சொல்றேன்."

கொடுக்கையா மூஞ்சியிலேர்ந்து கொடுக்கை எடுத்துச்சு. அப்புறம் ஒரு கொடுக்கு நிறைய சேறு அள்ளி, வல்லி நெத்தியில பூசுச்சு. இந்தத் தடவை வல்லி நகரல.

அன்னையிலேர்ந்து அந்தக் குட்டையில வழக்கம் மாறிடுச்சு. கிளம்பறவங்களைக் கழுவி அனுப்பறாங்க. திரும்பி வர்றவங்களுக்குத்தான் ஊர்ச்சேறு. மழை விட்ட பகல்ல வல்லி இப்பவும் மேல ஏறும். கரைக்கு ஒரு சாண் தள்ளியே உக்காந்துக்கும்.

பக்கத்து மலைக்குப் போனாலும் சரி, செவ்வாய் கிரகத்துக்கே போனாலும் சரி, அங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறவங்க, முதல்ல தன் மேல ஒட்டியிருக்கறதைத் தன் ஊர்லயே கழுவிட்டுப் போகணும்.