சோத்துக்குக் கூப்பிடுற மாதிரி

நடுக்கடலில் விசைப்படகின் இன்ஜின் நின்றுபோனது. நீரோட்டம் பாறைப் பக்கம் இழுத்தது. வயர்லெஸ் செட்டில் சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சம்.

முதலாளி இஞ்ஞாசி கத்தினார். "என் பேரைச் சொல்லி முழு பவர்ல ஒரே தடவை கூப்பிடுல. கடலே திரும்பிப் பார்க்கும்!"

"அந்நேரம் நம்ம படகு அலைப்பள்ளத்துல கிடந்தா யாருக்கும் கேட்காதே, சார்ஜும் தீர்ந்துருமே முதலாளி" என்றான் சமையல்காரன் சூசை. "நான் ஆளுகளைச் சோத்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறேன். முதல்ல மெதுவா. பதில் வரலன்னா கொஞ்சம் கூட்டி. கடைசிக்குத்தான் முழுசும்."

முதல் அழைப்புக்குப் பதில் இல்லை. அடுத்ததற்கும் வெறும் இரைச்சல். மிச்சத்தையெல்லாம் போட்டு மறுபடி கூப்பிட்டதும், "வாரோம்!" என்றது பக்கத்துப் படகு.

முதலாளி மீசையைத் தடவினார். "சோத்துக்கு என்னை எத்தனை தடவைல கூப்பிடுவே?"

"உங்களைக் கூப்பிடவே வேண்டாம் முதலாளி. கரண்டிச் சத்தமே போதும்."