பண்டிதர் நாடி பிடிக்காத வீடு

மருதங்காட்டு மன்னன் மாறவேளுக்கு ஒரே மகள், செங்கமலம். படைத்தலைவர் மகன் இளங்கண்ணனுக்கு அவளைக் கொடுப்பதாகப் பேசி, பந்தக்காலும் நட்டாயிற்று. அப்போதுதான் அரண்மனை வைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர் மூச்சிரைக்கச் சபைக்குள் ஓடிவந்தார்.

"அரசே, கல்யாணத்தை நிறுத்துங்கள்! மாப்பிள்ளையின் தாய் மாதக்கணக்கில் இருட்டறையில் உட்கார்ந்து அழுகிறாளாம். மனப்பித்து மூன்று வகை. சோர்ந்து கிடப்பது ஒன்று. தலைகால் தெரியாமல் குதிப்பது ஒன்று. இரண்டும் மாறி மாறி வருவது மூன்றாவது, அதுதான் பொல்லாதது. எதுவானாலும் ரத்தத்தோடு வரும். பேரப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்!"

மன்னன் முகம் வாடியது. "பந்தலைப் பிரியுங்கள்" என்றான். திரைக்குப் பின்னால் நின்ற செங்கமலம் அழுதுகொண்டே ஓடினாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்?

சபையில் வேடிக்கை பேசியே வயிறு வளர்க்கும் திருமலைக்கொழுந்து மெல்ல எழுந்தார்.

"பண்டிதரே, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாத்தா ஒருநாள் காலையில் ஏழு ஊரை வந்தவன் போனவனுக்கெல்லாம் தானம் பண்ணிவிட்டார். தூங்காமல் ஏரி வெட்டினார். கடலுக்கே கரை கட்டப் போகிறேன் என்று கிளம்பினார்."

"குதிக்கிற வகை! சந்தேகமே இல்லை."

"அப்புறம் மழைக்காலம் முழுக்கச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. மகனுக்கும் அப்படியே."

பண்டிதர் துள்ளினார். "மூன்றாம் வகை! ரத்தம் என்றேனே! அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. வாசலில் நிற்கவே கூடாது!"

"யார் வீடு அது?" என்றான் மன்னன்.

"சொல்கிறேன் அரசே. பண்டிதர் வந்த அவசரத்தில் இன்று மெய்க்கீர்த்தி பாடவில்லை. அது ஆகட்டும்."

தினமும் சபை கூடியதும் மன்னனின் முன்னோர் புகழைப் பாடுவது அங்கே வழக்கம். பாணர் கணீரென்று தொடங்கினார்.

"ஒரு காலைப் பொழுதில் ஏழூர் ஈந்தவன் பேரன் வாழ்க! உறங்காது ஏரி கண்டு, ஆழிக்குக் கரை கட்ட எழுந்தவன் பேரன் வாழ்க! கார்காலமெல்லாம் உண்ணாது, உரையாது தவமிருந்தவன் பேரன் வாழ்க! அத்தவம் தானும் தாங்கியவன் மகன் வாழ்க!"

சபையே மன்னன் பக்கம் திரும்பியது. பண்டிதர் மட்டும் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"வாசலிலும் நிற்கக் கூடாதே, பண்டிதரே!" என்றார் கொழுந்து.

மன்னன் குரல் தாழ்ந்தது. "அது தவமில்லை, கொழுந்து. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு அழுவார். நான் வெளியே நின்று கேட்டிருக்கிறேன்."

"பண்டிதர் சொன்னது முழுப் பொய்யில்லை அரசே. குடும்பத்தில் வரும், ஆனால் எல்லாருக்கும் வந்துவிடாது. தங்களுக்கு வரவில்லையே! அந்த அம்மாளுக்கு வந்தால் பித்து, இங்கே வந்தால் தவமா?"

மன்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "பந்தல் நிற்கட்டும்! பண்டிதரே, நீர் போய்ச் சம்பந்தியம்மாளுக்கு வைத்தியம் பாரும். கொழுந்து, உனக்கு என்ன வேண்டும்? ஏழு ஊர் தரட்டுமா?"

கொழுந்து பதறிப்போய்க் கைகூப்பினார்.

"ஐயோ, ஒன்றே ஒன்று போதும் அரசே! ஏழு கொடுத்தால் பண்டிதர் உங்கள் நாடியைப் பிடித்துவிடுவார்!"