விரல் சுண்ணாம்பு

மரங்களுக்கும் வௌவாலுக்கும் பேச்சு இருந்த காலம் அது. அப்போது பனையிலிருந்து கள் மட்டும்தான் இறங்கும். சாயங்காலம் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், விடியும்போது நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். பனையேறி வண்டிமலையானுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பாதிக் கலயம் மரத்திலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் வௌவாலுக்குப் பங்கு. அந்நாளில் வௌவால் காக்கையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துதான் குடிக்கும்.

வருத்தமெல்லாம் அவன் மனைவி சடச்சிக்குத்தான். மகள் ஆவடை தலைப்பிள்ளை உண்டாகித் தாய்வீடு வந்திருந்தாள். கஞ்சி கொடுத்தாலும் வாந்தி, தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி. பிள்ளை நாராய் இளைத்துவிட்டாள். “ஏதாச்சும் இனிப்பா இருந்தா இறங்கும்மா” என்பாள். இனிப்புக்கு எங்கே போவது? தேனீக்களிடம் கேட்கப் போய், சடச்சி முகம் வீங்கித் திரும்பியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் பொறுமை போய்க் கோடரியோடு பனைக்கு முன் நின்றாள். “ஏ பனையே, என் மக உசிருக்கு ஆகாத மரம் எனக்கு எதுக்கு?”

பனை நடுங்கிப்போனது. “வெட்டிராத தாயே! நான் விடுறது இனிப்புதான். கலயத்துக்குள்ள போயித்தான் அது இப்படி ஆகுது. நம்பலேன்னா மேல வந்து நாக்க நீட்டிப் பாரு.”

வண்டிமலையான் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏளா, நீ பனை ஏறப் போறியா?”

“நீங்க ஏறித்தான் கிழிச்சீங்களே, போதும்” என்றாள். கோடரியைப் போட்டாள், புதுக் கலயத்தை இடுப்பில் கட்டினாள், அவன் காலிலிருந்த தளைநாரை உருவித் தன் காலில் மாட்டினாள், ஏறியேவிட்டாள்.

உச்சியில் பாளைக்குக் கீழே நாக்கை நீட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. அப்படி ஓர் இனிப்பு! சடச்சிக்குச் சந்தோஷம் வந்தால் வெற்றிலை போட்டே ஆக வேண்டும். மட்டையில் சாய்ந்துகொண்டு மடியை அவிழ்த்தாள். உயரத்தைப் பார்த்துக் கை உதறியதில் சுண்ணாம்பு அள்ளி வந்துவிட்டது. வெற்றிலைக்குத் தடவியது போக விரல் நிறைய மிச்சம். வீட்டில் என்றால் தூணில் தேய்ப்பாள். அவள் தேய்த்துத் தேய்த்தே அந்தத் தூண் பருத்துப் போயிருந்தது. இங்கே தூணுக்கு எங்கே போக? வெட்ட வந்த மரத்தின்மேலேயே தேய்க்க மனம் வரவில்லை. கைக்கு எட்டியது கலயம்தான். உள்பக்கமாக நன்றாக வழித்துத் தேய்த்துவிட்டு, பாளையில் கட்டிவிட்டு இறங்கினாள்.

விடிகாலையில் வௌவால் போட்ட கூச்சலில் ஊரே எழுந்துவிட்டது.

“அத்தே! கள்ளு கெட்டுப்போச்சு! தொண்டை வரைக்கும் இனிக்குது!”

வண்டிமலையான் ஏறிக் கலயத்தை இறக்கினான். நுரை இல்லை, புளிப்பு இல்லை. உள்ளே சடச்சி தேய்த்த சுண்ணாம்புதான் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சடச்சி ஒரு குவளை ஊற்றி மகளிடம் நீட்டினாள். ஆவடை குடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். வாந்தி வரவில்லை. “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா” என்றாள். சடச்சிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஓடிப்போய்ப் பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“எல்லாத்துலயும் சுண்ணாம்பு தடவிட்டா எங்க கதி?” என்றது வௌவால். வண்டிமலையானும் பக்கத்தில் வந்து பாவமாக நின்றான்.

சடச்சி சிரித்துவிட்டாள். “சரி, ஒத்தக் கலயத்த வெறுமனே விடுதேன். எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துக்கிடுங்க.”

வண்டிமலையான் ஒவ்வொரு கலயமாக விரல் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். வௌவாலுக்கு விரல் ஏது? மட்டையைக் காலால் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி, கலயத்துக்குள் வெள்ளை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தது. தெரிந்துகொண்டதும் நிமிர்ந்திருக்கலாம். நிமிர்ந்தால் எந்தக் கலயம் என்பது மறந்துபோகுமே என்று பயம்.

அந்த விடியலிலிருந்துதான் பதநீர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிறார்கள், கள்ளுக் கலயத்தைச் சும்மா விடுகிறார்கள். வௌவால் மட்டும் இன்னும் தலையைத் தூக்கவே இல்லை.