இரண்டு வாசலிலும் இரண்டு முறை

"அந்தத் துண்டு ரெண்டே தடவதான் வந்துச்சு மேடம். ரெண்டு தடவ வர்றத பிழைன்னு தள்றதுதான் எல்லா இடத்துலயும் வழக்கம். என் மேல என்ன தப்பு?"

பரஞ்சோதி இதைக் காலையிலிருந்து மூன்றாவது முறையாகச் சொன்னார்.

ஜெசிந்தா மேசை மேல் கிடந்த கடிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

முந்தின நாள் மாலை வந்த கடிதம். செண்பகவல்லி என்ற பெண்ணிடம் இரண்டாவதாக எடுத்த சளியை வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று பார்த்திருந்தது. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத காசநோய்க் கிருமி என்று எழுதியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், முதல் சளியைப் பார்த்து, 'அடங்கும்' என்று இவர்களுடைய ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை போயிருந்தது. மருத்துவர்கள் அதை நம்பினார்கள்.

செண்பகவல்லி போன வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

பரஞ்சோதிக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் வெளிநாட்டில் கணினி நிரல் எழுதிவிட்டு ஊர் திரும்பியவர். ஜெசிந்தா அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் டி.என்.ஏ. என்றால் என்னவென்று அவருக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தவர். 'சார்', 'மேடம்' என்றே பேசிக்கொண்டார்கள். மனசுக்குள் பரஞ்சோதி அவரைக் குரு என்றுதான் வைத்திருந்தார்.

குருவின் முதல் பாடம் இது. கிருமியின் டி.என்.ஏ. நான்கே எழுத்தில் எழுதிய நீண்ட வரி. கருவி அதை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்துத் தரும். படித்ததை இருபத்தொரு எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, எது எத்தனை முறை வந்தது என்று எண்ண வேண்டும். கோடிக்கணக்கில் வரும். கருவி தடுமாறிப் படித்தவையும் அதில் கலந்திருக்கும். அவை ஓரிரு முறைக்கு மேல் வராது. மூன்றுக்குக் குறைந்ததைத் தள்ளிவிடலாம். மாத்திரைக்கு அடங்காத கிருமியைக் காட்டிக்கொடுக்கும் துண்டு செண்பகவல்லியின் சளியில் இரண்டே முறை வந்து, அப்படித்தான் தள்ளப்பட்டது.

பழைய நிரல் எண்ணி முடிக்க அரை நாள் ஆகும். பரஞ்சோதி எழுதியதற்குப் பதினோரு நிமிடம்.

அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். ஜெசிந்தா மட்டும் ஒன்று கேட்டார்.

"எதை விட்டீங்க சார்?"

"ஒண்ணையும் விடல மேடம்."

இப்போது ஜெசிந்தா வேறொன்று கேட்டார்.

"அந்தம்மாவோட வீட்டுக்காரர் இங்க எத்தன தடவ வந்தார் சார்?"

"ஆவுடையப்பனா? வரவே இல்லையே."

"வாசல்ல கேட்டுட்டு வாங்க."

கிழக்கு வாசல் ஆஸ்பத்திரியைப் பார்த்தது. காவலாளி சுடலை நோட்டைப் புரட்டினார்.

"ரெண்டு தடவ வந்தாரு சார்."

"ஏன் எங்கிட்ட அனுப்பல?"

சுடலை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்கதான சொன்னீங்க? ஒரு தடவ வர்றவன் வழி தப்பி வந்தவன், ரெண்டு தடவ வர்றவன் பொழுது போகாதவன், மூணாவது தடவயும் வந்தா மேல அனுப்புன்னு. அன்னைக்கு நாங்க சிரிக்கக்கூட செஞ்சோம்."

சொன்னதுதான். ஆட்கள் வந்து வந்து வேலை கெட்ட ஒரு நாளில் சொன்னது.

"வந்தவர் என்ன சொன்னாரு?"

"'மாத்திரை சரியில்ல, அதான் இருமல் நிக்கல'ன்னாரு. மாத்திரை அட்டைய நீட்டிக்கிட்டே நின்னாரு சார்."

பரஞ்சோதி மாடியேறி வந்தார்.

"ரெண்டு தடவதான் மேடம்."

"நமக்கு இன்னொரு வாசல் இருக்கு சார்."

மேற்கு வாசல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தது. அந்த வாசல் காவலாளி காஜா மைதீன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஆவுடையப்பனா? ரெண்டு தடவ வந்தாரு சார். ஆஸ்பத்திரியில இருந்து நடந்து வந்தா அந்த வாசல், ஊர்ல இருந்து பஸ்ல வந்தா இந்த வாசல். மூணாவது தடவ வந்தா அனுப்பிரணும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல."

"என்ன சொன்னாரு?"

"'இருமல் நிக்கல, அப்ப மாத்திரைதான் சரியில்ல'ன்னாரு."

பரஞ்சோதி கிழக்கு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வாசலுக்கும் வந்தாருன்னு உங்களுக்குத் தெரியாதா பாய்?"

"அந்த நோட்டு சுடலைகிட்டல்ல இருக்கு. எனக்கெப்படி சார் தெரியும்?"

மாடிப்படி பாதி ஏறியதும் பரஞ்சோதியின் கால் நின்றது.

குருவின் இரண்டாம் பாடம் நினைவுக்கு வந்தது.

டி.என்.ஏ. கயிறு போல முறுக்கிய இரட்டைப் புரி. ஒரு புரியைப் படித்தால் ஒரு வரி. எதிர்ப்புரியைப் படித்தால், அதே இடம் கடைசியிலிருந்து முதலுக்கு, ஒவ்வொரு எழுத்தும் தன் இணையெழுத்தாக மாறி வரும். பார்வைக்கு இரண்டும் வேறு வேறு. கருவி எந்தப் புரியைப் படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்து, இரண்டையும் ஒரே பெயரில் எண்ண வேண்டும்.

திருப்பிப் பார்க்க நேரம் பிடிக்கும். நிரல் எழுதும்போது பரஞ்சோதி, 'அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்' என்று அந்தப் படியை ஒதுக்கி வைத்திருந்தார். கைதட்டலுக்குப் பிறகு அது நினைவுக்கே வரவில்லை. மற்றவர்களின் சளியில் துண்டுகள் ஏராளமாக வந்ததால் பாதியாகப் பிரிந்தும் மூன்றைத் தாண்டிவிட்டன. யாருக்கும் தெரியவில்லை. செண்பகவல்லியிடம் கிடைத்த சளி கொஞ்சம்.

அறைக்குள் போய் உட்கார்ந்தார். நிரலில் நான்கு வரி சேர்த்தார். அவளுடைய பழைய பதிவை மறுபடி எண்ணவிட்டார்.

பத்தொன்பது நிமிடம் ஆனது.

எட்டு நிமிடம்தான் கூடுதல்.

"எத்தன சார்?" பின்னால் வந்து நின்ற ஜெசிந்தா கேட்டார்.

"நாலு."

ஜெசிந்தா கையில் மூன்று மாதத்துக்கு முந்தைய அறிக்கையின் நகல் இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து.

"எதை விட்டீங்கன்னு ஒரு தடவதான் கேட்டேன்," என்றார். "இன்னொரு தடவ கேட்டிருக்கணும்."

பரஞ்சோதி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அவர்கிட்ட நான் என்ன சொல்றது மேடம்?"

"தெரியல சார். விடிகாலையில நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு திறக்கல."

பரஞ்சோதி எழுந்தார். மேற்கு வாசலுக்கு வந்தார்.

"பாய், ஆவுடையப்பன் ஊருக்கு எப்ப பஸ்?"

"ரெண்டரைக்கு ஒண்ணு உண்டு. இப்ப வர்ற நேரந்தான்." காஜா மைதீன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா சார், நீங்க போனா அவரு முகங்குடுத்துப் பேசுவாருன்னு எனக்குத் தோணல."

"எனக்கும் தோணல."

"அப்புறம் எதுக்கு சார் வெயில்ல?"

முனையில் பஸ் திரும்பியது. பரஞ்சோதி வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கினார்.

"நாளைக்கும் இதே நேரந்தான பாய்?"